இஞ்ச் டேப்பும் இடது காலும்

இடது இடுப்பு மூட்டை மாற்றி எட்டு மாதம் ஆகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வந்த எல்லாரும் வலியைப் பற்றித்தான் சொன்னார்கள். வீக்கத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைப் பெயர், தையல் பிரிக்கும் தேதி, எப்படியெல்லாம் உட்காரக் கூடாது என்பதெல்லாம் இருந்தது. வீக்கம் என்ற சொல் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பயமுறுத்தியதும், தூங்கவிடாமல் செய்ததும், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்ததும் அந்த வீக்கம்தான். இதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மதுரை செல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 54. தோல் நோய்க்காக இரண்டு வருஷத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். அதனால் தொடை எலும்பின் தலைக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துவிட்டது என்றார் டாக்டர். அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்று பெயர். நம் ஊரில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் காரணமாம். வார்டில் என்னைவிடச் சின்ன வயசு ஆட்கள் இருந்தார்கள்.

செத்துப்போன தலையை வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கி, அதன் மேல் பந்தை மாட்டி, இடுப்பெலும்பில் கிண்ணத்தைப் பொருத்துகிறார்கள். அதற்கு வழி வேண்டும் என்றால் தோலை வெட்டி, சதையை விலக்கித்தான் உள்ளே போக வேண்டும். அவ்வளவு பெரிய காயத்தைச் சுற்றி ரத்தமும் நீரும் ஊறித்தான் தீரும். அது தொடையிலேயே நிற்பதும் இல்லை. நாம் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மெல்லக் கீழே இறங்குகிறது. இது யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், ஆறாம் நாள் காலையில் முழங்காலுக்குக் கீழே கருநீலமும் மஞ்சளுமாக நிறம் மாறி, பாதம் உப்பி, விரல் நடுவே இடைவெளியே இல்லாமல் கிடந்ததைப் பார்த்து நான் அழுதிருக்க மாட்டேன். வெட்டியது இடுப்பில், கறுத்தது கணுக்கால். ஏதோ நரம்பை அறுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் அந்த நிறம் தானாகப் போய்விட்டது.

முதலில் வலியைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் அன்று ராத்திரி பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, முதுகில் போட்ட ஊசியின் மிச்சம் இருந்தது. மறுநாள்தான் தெரிந்தது. சிஸ்டர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வந்து, “அம்மா, வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு?” என்று கேட்பார். நான் மூன்று என்பேன். உண்மையில் ஏழு இருக்கும். வலியைச் சொன்னால் தொந்தரவு செய்கிறேன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். சின்ன வயசிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பழகிய உடம்பு. இரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தபோது முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்த சிஸ்டர் கேட்டார்: “நீங்க மூணுன்னு சொன்னா அதுக்குத் தகுந்த மருந்துதானேம்மா குடுப்போம்?” அந்த எண்ணை வைத்துத்தான் மருந்து முடிவாகிறது. குறைத்துச் சொன்னால் நமக்குத்தான் நஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். வலி மாத்திரை அதிகம் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, ஆறாம் நாளிலிருந்து எல்லா வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே கிடந்தேன். அசைக்காததால் தொடை பலகை மாதிரி இறுகியது, பாதம் இன்னும் உப்பியது, அதனால் வலி இன்னும் ஏறியது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தம்பி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இந்த மாத்திரை வலிக்கு மட்டும் இல்லைங்கம்மா. நீங்க காலை அசைக்கணும், நடக்கணும், அதுக்குத்தான்.”

அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம். என் பட்டியலில் இருந்த முக்கிய மாத்திரை வெறும் பாராசிட்டமால்தான். எனக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வந்த பிறகு தேடிப் போடக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்றார். வலி உச்சிக்கு ஏறிவிட்டால் அதை இறக்குவதற்கு மருந்தும் நேரமும் அதிகம் ஆகிறது. உடற்பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வேளை வருகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. ஈரல் பிரச்சினை இருப்பவர்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் அதுகூட அதிகம். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால், ஜலதோஷம் என்று கடையில் வாங்கி இதோடு சேர்த்துப் போட்டுவிடக் கூடாது.

டிராமடால் ராத்திரிக்கு மட்டும் சில நாள் கொடுத்தார்கள். அது வலிக்கு நன்றாகக் கேட்கும். கூடவே தலைசுற்றலும் குமட்டலும் மலச்சிக்கலும் வரும். அந்த மலச்சிக்கல் லேசுப்பட்டதில்லை. இடுப்பில் தையலோடு முக்கக் கூடாது, முக்காமல் போகவும் முடியாது. கொய்யா, வாழைத்தண்டு, கீரை, நிறையத் தண்ணீர், டாக்டர் கொடுத்த சிரப் எல்லாவற்றையும் மருந்து ஆரம்பித்த அன்றே ஆரம்பித்துவிடுங்கள். நான்கு நாள் கழித்து அவஸ்தைப்பட வேண்டாம்.

எங்கள் கடைக்கு வரும் ஓர் அக்கா அன்பாக ஓர் அட்டை டைக்ளோஃபெனாக் கொண்டுவந்து கொடுத்தார், தன் மூட்டு வலிக்கு அது நன்றாகக் கேட்டது என்று. நல்லவேளையாக மருமகள் தடுத்துவிட்டாள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். எனக்கு முதலில் வயிற்றில் ஊசி, அப்புறம் மாத்திரை, மொத்தம் 35 நாள். அந்த மருந்து ஓடும்போது டாக்டரைக் கேட்காமல் இந்த மாதிரி வலி மாத்திரையைப் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு. அடுத்தவர் அட்டையிலிருந்து ஒரு மாத்திரைகூட வாங்கிப் போடாதீர்கள்.

இனி வீக்கம். தையல்காரிக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நிம்மதி. “காலையில விட இப்ப அதிகமா இருக்கா, கம்மியா இருக்கா?” என்று பிசியோ தம்பி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே மருமகளிடம் கடையிலிருந்து இஞ்ச் டேப்பையும் அளவு நோட்டையும் எடுத்து வரச் சொன்னேன். முழங்கால் சில்லுக்குக் கீழே ஓர் எலும்பு முண்டு இருக்கும் இல்லையா, அதிலிருந்து நாலு இஞ்சு கீழே பேனாவால் ஒரு கோடு, இரண்டு காலிலும். மல்லாந்து படுத்த நிலையில் அந்தக் கோட்டின் மேல் டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை. கோடு அழிந்தால் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு இஞ்சு மேலே கீழே போனாலும் அளவு மாறிவிடும்.

நல்ல வலது கால் 13½ இஞ்சு. இடது கால் காலையில் 14, ராத்திரி 14½. நாலைந்து நாள் எழுதியதிலேயே ஒன்று புரிந்தது. பகலில் ஏறுகிற வீக்கம் ராத்திரி படுத்து எழுந்தால் இறங்குகிறது. அப்படி ஏறி இறங்குகிற வீக்கம் தேங்கிய நீர்தான். முதல் நாள் அதிகம் நடந்திருந்தால் மறுநாள் காலை அளவு கால் இஞ்சாவது கூடியிருக்கும். அதைப் பார்த்துத்தான் அன்றைய நடையைத் தீர்மானித்தேன். கூடியிருந்தால் நேற்று நடந்ததில் பாதி. குறைந்திருந்தால் இரண்டு நிமிஷம் கூட்டு. வலியை மட்டும் நம்பி நடந்திருந்தால் ஏமாந்திருப்பேன், ஏனென்றால் வலி சீக்கிரம் குறைந்துவிடுகிறது, வீக்கம் குறைய மாதக்கணக்காகிறது. ‘இன்னைக்கு நல்லா இருக்கே’ என்று தோன்றுகிற நாளில்தான் அளவுக்கு மீறி நடந்துவிடுகிறோம்.

காலைத் தூக்கி வைக்கச் சொல்வார்கள். அதை நான் பத்து நாள் தப்பாகவே செய்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலி மேல் காலை நீட்டி வைத்தால் போதும் என்று இருந்தேன். அதில் பாதம் இடுப்பைவிட உயரத்தில் இல்லை, நீர் எப்படி வடியும்? மல்லாந்து படுக்க வேண்டும். தலைக்கு ஒரே ஒரு மெல்லிய தலையணை. பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கிற மாதிரி கெண்டைக்காலிலிருந்து கீழ் முழுக்கத் தலையணை. குதிகால் மட்டும் தலையணையின் ஓரத்துக்கு வெளியே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே புண் வந்துவிடும். முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு தலையணையைச் சொருகிக்கொண்டு படுப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே பழகினால் இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும் என்று அந்தத் தம்பி கண்டிப்பாகச் சொன்னார். தினம் மூன்று வேளை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழுமாக மிதிக்க வேண்டும், விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்துத் தடவை. கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போதுதான் கால் ரத்தம் மேலே ஏறுகிறது. எங்கள் மிதி மெஷின் மாதிரி, மிதித்தால்தான் ஓடும்.

அடுத்தது ஒத்தடம். நம் வீடுகளில் வீக்கம் என்றதும் வெந்நீர் போட்டுவிடுவார்கள். எங்கள் சித்தி நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார், நீவிவிட. அன்பில் வந்ததுதான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. முதல் வாரங்களில் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும். நீவினால் அதைவிட ஆபத்து: உள்ளே ரத்தக்கட்டி ஏதாவது இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், ஆறாத வெட்டில் எண்ணெய் படவும் கூடாது. ஐஸ் ஒத்தடம்தான். காலிப் பால் பாக்கெட்டைக் கழுவி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, வாயை உருக்கி ஒட்டி, ஃப்ரீசரில் தட்டையாகப் படுக்க வைத்தோம். பழைய காட்டன் சேலையை இரண்டு மடிப்பாக வைத்து அதற்கு உறை தைத்தேன். தொடையைச் சுற்றிக் கட்ட இரண்டு பக்கமும் நாடா. ஆபரேஷனுக்குப் பிறகு நான் தைத்த முதல் துணி அதுதான், கையால், படுத்துக்கொண்டே. பதினைந்திலிருந்து இருபது நிமிஷம், நாளைக்கு நாலைந்து தடவை, முக்கியமாக நடந்து முடித்ததும். கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிட வேண்டும். தையலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருக்கும், அதிகக் குளிரில் தோல் வெந்தாலும் நமக்குத் தெரியாது. கட்டு நனையக் கூடாது.

இறுக்கமான காலுறை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது பெரும்பாடு. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், வீக்கம் குறைந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். நம்மால் குனிந்து போட முடியாது, இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். மருமகள்தான் போட்டுவிட்டாள். அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே துணி சுருண்டு இரண்டு மடிப்பாகிக் கிடந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கழற்றியபோது அங்கே சிவப்பாக ஒரு பள்ளம், கயிறு கட்டின மாதிரி. அதற்குக் கீழே கால் பொம்மென்று இருந்தது. துணி வேலை செய்கிற நானே கவனிக்காமல் விட்டேனே என்று இருந்தது. அதன் பிறகு போட்டதும் மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் லேசாகத் தடவிச் சுருக்கத்தை எடுத்துவிட்டு, மதியம் ஒரு தடவை பார்த்துக்கொண்டோம். கால் ரத்தக்குழாய் அடைப்பு இருப்பவர்களுக்கு இந்தக் காலுறை ஆகாது; டாக்டர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

பதினெட்டாம் நாள் அழகர் ஆற்றில் இறங்கினார். செல்லூரிலிருந்து வைகை எவ்வளவு தூரம்? வருஷா வருஷம் எங்கள் வீடு சத்திரம் மாதிரிதான் இருக்கும். அலங்காநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள். சர்க்கரைச் சொம்பை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போனவர்கள் ஏழு மணிக்குத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் ஆற்றுக்குப் போக முடியவில்லையே என்று எனக்கு இருந்த ஏக்கத்தில், வந்தவர்களோடாவது இருப்போம் என்று வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கனமான குஷன் போட்டு உட்கார்ந்தேன். ஒருவர் போக ஒருவர். காபி, பேச்சு. பன்னிரண்டு மணி வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வலி ஒன்றும் இல்லை, அதனால் நினைவே வரவில்லை.

ராத்திரி அளந்தால் 15¼. கெண்டைக்காலைத் தொட்டால் கணகணவென்று சூடு. தூக்கி வைத்துப் படுத்தேன். காலையில் திரும்ப அளந்தோம்: 15. தினமும் அரை இஞ்சு இறங்குகிற கால், அன்று கால் இஞ்சுதான் இறங்கியிருந்தது. வலது காலுக்கும் இதற்கும் ஒன்றரை இஞ்சு வித்தியாசம். இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவே 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பது ரத்தக்கட்டியைச் சந்தேகிப்பதற்கு டாக்டர்கள் பார்க்கிற அடையாளங்களில் ஒன்று. 3 சென்டிமீட்டர் என்றால் ஒன்றேகால் இஞ்சுகூட இல்லை. மகன் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டூட்டி டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். பத்து நாள் அளவு வரிசையாக இருந்ததால் எந்த நாளில் தாண்டியது என்று உடனே தெரிந்தது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை ஜெல் தடவி, கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்க்கிறார்கள். ரத்தக்குழாய் அமுங்கினால் உள்ளே கட்டி இல்லை என்று அர்த்தமாம். அந்த இருபது நிமிஷம் நான் திரையைப் பார்க்கவே இல்லை, மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா இடமும் அமுங்கியது. ஐந்து மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு அசையாமல் உட்கார்ந்ததுதான் காரணம் என்றார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். வீண் அலைச்சலா என்று கேட்டேன். “இல்லம்மா, வந்தது சரி. சந்தேகம் வந்தா இப்படித்தான் வரணும்” என்றார்.

அதனால் சொல்கிறேன். கெண்டைக்காலில் புதிதாக வலியும் சூடும் சிவப்பும் வந்தாலோ, வீக்கம் ராத்திரி படுத்தும் வடியவில்லை என்றாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யாரையும் கேட்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். தையலில் நீரோ சீழோ கசிவது, குளிர் காய்ச்சல் இவையெல்லாம் தொற்றின் அறிகுறி. திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பி, ஊன்றவே முடியவில்லை என்றால் மூட்டு கழன்றிருக்கலாம், அப்போதும் ஆஸ்பத்திரிதான்.

ராத்திரித் தூக்கம் ஆறு வாரம் வரை அரைகுறைதான். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து மல்லாந்தே படுக்க வேண்டும் என்பதே ஒரு தண்டனை. கட்டிலின் நாலு காலுக்கும் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தியதும், வெஸ்டர்ன் டாய்லெட்டில் உயரம் கூட்டும் சீட் போட்டதும் பெரிய உதவி. தாழ்ந்த இடத்திலிருந்து எழும்போது வருகிற வலி அதோடு போய்விட்டது. தரையில் உட்காருவதும் சம்மணமும் எனக்கு இனிமேல் இல்லை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்; கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில்.

மூன்றாம் மாதம் வரை சாயங்காலம் ஆனால் கணுக்கால் லேசாக உப்பும். ஊறுகாய், அப்பளம் குறைத்தேன், கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. நாலாம் மாதம் கொலுசை மாட்டினேன். ஆறாம் மாதம் கடைசியாக அளந்த நாளன்று காலையும் ராத்திரியும் ஒரே அளவு: வலது 13½, இடது 13. மருமகள் டேப்பை எடுத்துத் திரும்ப அளந்தாள். 13தான். வலி இருந்த இரண்டு வருஷமும் அந்தக் காலை ஊன்றாமலே நடந்ததில் சதை கரைந்து போயிருக்கிறது. அதை அத்தனை நாள் வீக்கம் மறைத்து வைத்திருந்தது. பிசியோ தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் ஒரு ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து கணுக்காலில் மாட்டிவிட்டு, பக்கவாட்டில் காலைத் தூக்கும் பயிற்சியை ஆரம்பித்து வைத்தார். நாளைக்கு இரண்டு வேளை, பத்து பத்தாக மூன்று தடவை. போன வாரம் அளந்தபோது 13¼.